கூட நடந்து வந்தவர்கள்

(ஆவணி மூலத் திருவிழாவை ஒட்டி மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் சில நாளில் நம் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா. திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருவார், திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருவார், வந்திக் கிழவியின் பங்குக்கு, அவள் கொடுக்கிற புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, நம் சொக்கர் கூடையைத் தூக்கி மண் சுமக்க வருவார். இந்த நேரத்தில் 'நம்பிக்கைக்கு வழி காட்டிய பெரியோர்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், வழியைக் காட்டியவர்களைவிடக் கூட நடந்து வந்தவர்கள்தான் ஒவ்வொருவராக நினைவுக்கு வருகிறார்கள். வழியைக் கை நீட்டிக் காட்ட ஒரு நிமிடம் போதும். கூட நடந்தால் நமக்கும் சேர்த்துக் கால் வலிக்கும். அப்படிக் கால் வலிக்க நடந்தவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எனக்கு முதலில் தோன்றுபவர் கவுந்தியடிகள். சிலப்பதிகாரம் என்றதும் கண்ணகி, சிலம்பு, எரிந்த மதுரை என்று நேராக முடிவுக்குப் போய்விடுகிறோம். நடுவில் ஒரு வயதான சமணத் துறவி அந்தப் பிள்ளைகளோடு புகாரிலிருந்து மதுரை வரை நடந்தே வந்தாரே, அவரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகவே இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டவன். மதுரைக்குப் போய் மனைவியின் சிலம்பை முதலாக வைத்து வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கலாம் என்று விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஊர் எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள், அதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். ஆறைங்காதம்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். முப்பது காதத்தை ஏதோ அஞ்சாறு காதம் என்பதுபோல் காதில் விழும்படி சொல்கிற சொல் அது. அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு அழுகை இருந்திருக்கும்!

கவுந்தியடிகள் தங்கியிருந்த பள்ளி அந்த வழியில் இருக்கிறது. இவர்களைப் பார்த்ததும் விசாரிக்கிறார். இந்தப் பெண்ணின் பாதம் இந்த வழியைத் தாங்காதே என்கிறார். போக வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிகிறது. அப்புறம் என்ன செய்தார்? மதுரையில் அறம் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, வாருங்கள் சேர்ந்தே போவோம் என்று சொல்லிப் பிச்சைப் பாத்திரத்தையும் உறியையும் மயில் பீலியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். 'உங்களுக்காக வருகிறேன்' என்று ஒரு வார்த்தை இல்லை. உதவி வாங்குகிறவனுக்குத் தலை குனியாமல் இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது அவர் சொன்ன புத்திமதியைக் கேளுங்கள். கிழங்கு தோண்டிய குழியை உதிர்ந்த செண்பகப்பூ மூடியிருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். அதற்காக ஒதுங்கி நடந்தால் பழுத்துத் தொங்கும் பலா தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த இடத்தில் பலாக்கொட்டை பரற்கல் மாதிரி காலில் குத்தும். வயல் வழியே போனால் பறித்துப் போட்ட குவளைப் பூவுக்குள் வண்டு இருக்கும், தெரியாமல் மிதித்துவிடுவோம். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் இருக்கும், அவற்றை மிதித்தால் அந்தப் பாவம் தாங்காது. இவ்வளவுதான். நொந்துபோய் வந்தவர்களிடம் பிறவித் துன்பம் பற்றி ஒரு மணி நேரம் பேசவில்லை. அவர்கள் அடுத்து வைக்கப்போகும் அடியைப் பற்றிப் பேசினார். அந்த அடிக்குள்ளேயே தன் சமயத்தின் கொல்லாமையையும் வைத்துக் கொடுத்துவிட்டார்.

வழியில் யாரோ இரண்டு பேர் கேலியாக, இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்று சொல்கிறார் கவுந்தி. பார்த்துச் சில நாளே ஆன ஒரு தம்பதியை ஒரு துறவி சொல்கிற சொல் இது. மதுரைக் கோட்டைக்கு வெளியே வந்து தங்கிய பிறகு கோவலன் உடைந்துபோய், நெறி தவறினேன், இவளையும் துன்பத்தில் தள்ளினேன் என்று புலம்புகிறான். அவனைத் திட்டவில்லை. இராமன் கதையையும் நளன் கதையையும் எடுத்துச் சொல்கிறார். உனக்கு மட்டும் வந்ததில்லையப்பா என்று சொல்வதைவிடப் பெரிய மருந்து அந்த நேரத்தில் என்ன இருக்கிறது?

அப்புறம் செய்ததுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. ஊருக்குள் குடும்பம் நடத்தப் போகிறவளுக்குத் துறவியின் இருப்பிடம் உதவாது என்று அவருக்குத் தெரிகிறது. இயக்கி என்ற பெண் தெய்வத்துக்குப் பால் படையல் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற மாதரி என்ற ஆயர் பெண்ணைப் பார்க்கிறார். அவள் கையில் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். தன் பங்கு எங்கே முடிகிறது என்று தெரிந்து, சரியான ஆளிடம் கையைச் சேர்த்துவிட்டு விலகி நிற்கிறார்.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். கோவலன் கொலையுண்டான். மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தி உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். இத்தனை பெரிய துணை இருந்தும் அந்தப் புது வாழ்க்கை ஒரு நாள்கூடத் தொடங்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். கூட வருகிற பெரியவர் நம் விதிக்கு ஜாமீன் கொடுக்கிறவர் இல்லை. ஆனாலும் அந்த முப்பது காதமும் அவர்கள் தனியாக நடக்கவில்லை. அது நடந்தது நடந்ததுதான், எந்த அரசனாலும் அதைப் பறிக்க முடியவில்லை.

கவுந்தியின் வழி வந்த துறவிகளை நம் ஊரிலேயே பார்க்கலாம். கீழக்குயில்குடி பக்கம் சமணர் மலை இருக்கிறதே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேலான எழுத்து. இன்ன ஆசிரியரின் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்று வெட்டியிருக்கிறார்கள். குணசேனதேவர் என்ற ஆசிரியரின் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கல்லில் இடம் குறைவு, வெட்டவும் கஷ்டம். அதிலும் தன் பெயரைத் தனியாகப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை, முதலில் குருவின் பெயர். நாம் படிக்கப் போகிற இடத்துக்குப் பள்ளி என்ற பெயரே அவர்கள் படுத்த பள்ளியிலிருந்து வந்ததுதான் என்று சொல்வார்கள்.

இதே மதுரையில் சைவத்துக்கு வழி திறந்தவர் மங்கையர்க்கரசியார். சோழன் மகள், பாண்டியன் மனைவி. கணவர் சமணத்தில் இருக்கிறார். குலச்சிறையார் என்ற அமைச்சரும் இவரும்தான் திருமறைக்காட்டில் இருந்த சம்பந்தப் பிள்ளைக்கு ஆள் அனுப்பி அழைக்கிறார்கள். மன்னனுக்கு வெப்பு நோய் கண்டபோது 'மந்திரமாவது நீறு' என்று பாடித் திருநீறு பூசியது அந்தப் பிள்ளை. அதற்குப் பின் சமணரோடு வருகிற வாதும் அவர்களுக்குக் கொடுத்த தண்டனையும் எனக்குச் சொல்ல விருப்பமில்லாத பகுதி. கவுந்தியை இவ்வளவு நேரம் வணங்கிய வாயால் அதைக் கொண்டாட முடியாது. நான் பார்ப்பது அந்த அரசியைத்தான். கணவரை மாற்ற நினைத்தவர் தானே போதிக்க உட்காரவில்லை. சொல்லக்கூடிய ஆள் யாரோ அவரை அழைத்து வந்து வாசலைத் திறந்துவிட்டு நின்றார். பிள்ளைகளிடமும் கணவரிடமும் நாம் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுக்கிறோம் இல்லையா?

திருவாதவூராரான மாணிக்கவாசகர் கதை வேறு மாதிரி. குதிரை வாங்கப் பணத்தோடு போன அமைச்சர் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைப் பார்க்கிறார். அந்த இடத்திலேயே பழைய வாழ்க்கை முடிந்தது. குதிரைப் பணம் கோயிலாயிற்று, நரி பரியானது, வைகை பெருகியது, எல்லாம் நீங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. குரு என்ன செய்தார் என்பதை மட்டும் கவனியுங்கள். மற்ற அடியார்களோடு அவர் மறைந்துவிடுகிறார். வாதவூரரை மட்டும் இங்கேயே இரு என்று விட்டுவிடுகிறார். திருவாசகம் முழுக்க நாம் கேட்கிற அழுகை, குருவால் விட்டுவிடப்பட்ட மனிதனின் அழுகை. கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தால் நமக்குத் திருவாசகம் கிடைத்திருக்குமா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பழைய காலமே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம் தெரியும். 1947இல் அதைத் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயதில் கல்யாணம், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனைத் திருமணம் செய்ய முடிவு செய்தபோது காந்தி உடனே தலையாட்டவில்லை. ஒரு வருஷம் பிரிந்து இருங்கள், அப்போதும் இதே மனது இருந்தால் பார்க்கலாம் என்றார். இருந்தார்கள். 1940இல் அவரே முன்னின்று திருமணத்தை நடத்தி வைத்தார். காத்திருக்கச் சொல்வதும் கூட நடப்பதில் சேர்த்திதான்.

சரி, இனி என் கதை. முப்பது வருஷம் இருக்கும். நான் வேலை பார்த்த நூற்பாலையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். கேட்டில் நோட்டீஸ், அவ்வளவுதான். வர வேண்டிய பணம் வரவில்லை. வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மூன்று மாதம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினால் அணைத்துவிடுவேன். அப்படி ஒரு கோபம்.

எங்கள் சந்து முனையில் ஒரு அப்பத்தா இட்லிக் கடை போட்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்று, "ஏய்யா, காலையில நாலு மணிக்கு எந்திரிப்பியா? எனக்கு எட்டுக் குடம் தண்ணி எடுத்துத் தரணும், இடுப்பு பிடிச்சுக்கிருச்சு" என்றது. வயசானவள் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? மறுநாள் போனேன். தண்ணீர் தூக்கினேன். முதல் ஈடு இட்லி இறங்கியதும் நாலு இட்லி தட்டில் வைத்தது. ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். நாற்பது நாளுக்கு மேல் ஓடியது. இருட்டோடு எழுந்து, குழாயடிக்குப் போய், ஊர் விழிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மனதில் என்னவோ இளகியிருந்தது.

அந்த வருஷம் புட்டுத் திருவிழா அன்று கேட்டேன், "ஏன் அப்பத்தா, என்னைய எதுக்குக் கூப்பிட்ட?" என்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "வந்திக் கெழவிக்கு மண்ணு சுமக்க ஆள் வந்துச்சுல்ல? எனக்கும் ஒருத்தன் வருவான்னுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒன்றுக்கும் உதவாதவன் என்று மூன்று மாதம் படுத்துக் கிடந்தவனை அந்தக் கதைக்குள் எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது பாருங்கள்! அன்று ராத்திரி வீட்டில் விளக்கை நான் ஏற்றினேன்.

மறு வாரம் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஒரு பைண்டிங் கடையில் விட்டது. "நாலு மணிக்கு எந்திரிக்கிற பையன், சேத்துக்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. பாரம் மடிக்கவும், தைக்கவும், பசை காய்ச்சவும் அங்கேதான் கற்றேன். இன்று வரை அதுதான் சோறு போடுகிறது. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அப்பத்தாவுக்கு இடுப்பு ஒன்றும் பிடிக்கவில்லை. அதுவரை தண்ணீர் எடுத்தது அதன் பேரன். "நீ போய்ப் படிடா" என்று அவனை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. மாதரியிடம் கண்ணகியைச் சேர்த்த கவுந்தியைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அப்பத்தா முகம்தான் தெரிந்தது.

இப்போது வழி காட்டுகிறேன் என்று சொல்கிறவர்கள் போனுக்குள்ளேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் பாருங்கள். அவரிடம் போனவர்கள் கொஞ்ச நாளில் சொந்தக் காலில் வேறு இடத்துக்கு நகர்கிறார்களா, இல்லை வருஷக்கணக்கில் அவர் வாசலிலேயே நிற்கிறார்களா? பணமும் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் பிள்ளையைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.

அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், பரீட்சையில் தவறியவன், ஆறு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். அவன் இந்தக் கூட்டத்தில் இல்லை, அதனால் சொல்கிறேன். போன வாரம் அவன் வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, காலையில அஞ்சு மணிக்குக் கடைக்குப் பேப்பர் லோடு வருது, எனக்குத் தூக்க முடியலப்பா" என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நேற்று நான் ஷட்டரைத் தூக்கும்போது தெரு விளக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தான். இன்றைக்கும் வந்தான்.