மொட்டை மாடி இல்லாதவர்கள் வடகம் போடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது. சென்னை மேடவாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"அம்மா, எங்கள் வீட்டில் தினமும் கொஞ்சம் சோறு மீந்துபோகிறது. அதில் வடகம் போடலாமே என்று மாமியார் சொல்கிறார். நாங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது தளம். மொட்டை மாடிச் சாவியை அசோசியேஷனில் தருவதில்லை. பால்கனியில் காலையில் மூன்று மணி நேரம்தான் வெயில் விழும். இதில் வடகம் காயுமா? அப்புறம், கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும்போது இவ்வளவு மெனக்கெடுவதில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். காயும். எப்படி என்று சொல்கிறேன். அந்த இரண்டாவது கேள்விதான், 'லாபமா' என்று கேட்டிருக்கிறாரே, அதுதான் ராத்திரியெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, காய்ச்சலுக்கு முதலில் வருவோம். நான் சொல்வது வடகத்தின் காய்ச்சல்.

மீந்த சோற்றில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கூழ் வடகம் என்றால் அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்து, கை வலிக்கக் கிளற வேண்டும். சோறு ஏற்கெனவே வெந்தது. மாவுச்சத்து தண்ணீர் குடித்து உப்பி முடித்துவிட்டது. அதனால் அடுப்பே மூட்ட வேண்டாம். ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுங்கள். காலையில் தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, பச்சை மிளகாய், உப்பு, சீரகம், ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு இரண்டு சுற்று. நைசாக அரைக்காதீர்கள், அங்கங்கே பருக்கை தெரிய வேண்டும். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மோர் கொஞ்சம், சின்ன வெங்காயம் நாலு, உப்பு. அன்றைக்குக் காலை ஆகாரம் முடிந்தது. நீராகாரம் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறேன், பழைய நேயர்களுக்குத் தெரியும், மறுபடி தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

உப்பு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. மாவை வாயில் வைத்துப் பார்த்தால் 'கொஞ்சம் குறைகிறதே' என்று தோன்ற வேண்டும். தண்ணீர்தான் வெயிலில் போகும், உப்பு அங்கேயே இருக்கும். ஈரமாக இருக்கும்போது சரியாக இருந்த உப்பு, காய்ந்தபின் கரிக்கும். முதல் தடவை போடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது இடம். துணி காயப்போடும் ஸ்டாண்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் மேல் ஒரு பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து, இழுத்துக் கட்டுங்கள். அடியிலும் காற்று போகும். கையை நனைத்துக்கொண்டு மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வையுங்கள். புளியங்கொட்டை அளவு போதும். மொட்டை மாடிக்காரர்கள் நெல்லிக்காய் அளவு வைப்பார்கள், அவர்களுக்கு நாள் முழுக்க வெயில். உங்கள் மூன்று மணி நேரத்துக்குச் சின்னதுதான் சரி. வெயில் போனதும் ஸ்டாண்டோடு தூக்கி உள்ளே கொண்டுவந்து மின்விசிறிக்கு அடியில் வைத்துவிடுங்கள். சென்னையில் சாயங்காலம் கடல் காற்று வரும், ஈரத்தோடு வரும். காய்ந்ததெல்லாம் திரும்ப நமுத்துப்போகும். அதனால் மாலையில் வெளியே விடவே கூடாது. மாசி கடைசியிலிருந்து சித்திரை முடிய இது தாராளமாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆசைப்படாதீர்கள்.

மேல்பக்கம் காய்ந்ததும் எடுக்கிறேன் என்று நகத்தால் பெயர்க்கக் கூடாது, உடையும். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பிறகு துணியை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தால், அதுவாகவே பட் பட் என்று கழன்று விழும். பின்பக்கம் வெள்ளையாக, ஈரமாக, துணியின் நெசவு அப்படியே அச்சு விழுந்திருக்கும். அந்தப் பக்கம் மேலே வரும்படி தட்டில் பரப்பி மறுபடி வெயில்.

இந்த இடத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். மேலே மொறுமொறு, உள்ளே மெத்தென்று, லேசான புளிப்பு, மிளகாய்க் காரம். இதைக் கடையில் வாங்க முடியுமா?

இதைத்தான் சொல்ல வந்தேன். நெய் காய்ச்சுவது பற்றிய பேச்சில் சொன்னேன், ஊறுகாய் பேச்சிலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கடைக்காரரால் முழுக்கக் காய்ந்ததைத்தான் விற்க முடியும். ஈரமாக இருந்தால் பாக்கெட்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பாவம் அவர் என்ன செய்வார். அந்த நடுவில் இருக்கிற ருசி வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். வடகத்தில் ருசியே மூன்று. கூழாக ஒன்று, பாதி காய்ந்தது ஒன்று, பொரித்தது ஒன்று. பாக்கெட்டில் வருவது மூன்றாவது மட்டும். மூன்றில் ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு லாபக் கணக்கு பார்க்கிறோம்.

எங்கள் பாட்டி வீட்டில் கூழ் கிண்டும் நாளில் காலைச் சமையலே கிடையாது. பெரிய வெண்கலப் பானையில் கூழ் கொதித்து, கரண்டியில் எடுத்தால் மினுமினுவென்று விழும். இறக்கியபிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிவார்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும் என்று. ஆளுக்கு ஒரு வாழையிலைத் துண்டு. அதில் சூடான கூழ் ஒரு கரண்டி, நடுவில் குழி, குழியில் நல்லெண்ணெய். ஒரு மாமா இருந்தார். காக்காய் விரட்டுகிற வேலையை யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொள்வார். கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மத்தியானம் போய்ப் பார்த்தால் அவர் உட்கார்ந்திருந்த ஓரத்தில் மட்டும் வடகம் வரிசை குறைந்திருக்கும். "காக்காய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பார். பாட்டி ஒன்றும் சொல்ல மாட்டார். மறுவருஷம் அந்த ஓரத்தில் நாலு வரிசை கூடுதலாகப் போட்டுவிடுவார், அவ்வளவுதான்.

மோர் மிளகாயும் இப்படித்தான். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த தயிரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே மோரில். மோர் முழுக்க மிளகாய்க்குள் போகிறவரை இப்படியே நடக்கும். முழுக்கக் காய்ந்தால் பொரிக்கலாம். ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம், தோல் சுருங்கி, உள்ளே இன்னும் மோர் இருக்கும்போது ஒன்றை எடுத்துத் தயிர் சாதத்துக்குக் கடித்துக்கொள்ளுங்கள். பொரிக்கவே வேண்டாம். இதையும் எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள்.

தாளிக்கிற வடகத்தைக் கேட்கவே வேண்டாம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள், எல்லாம் கலந்து உருட்டி, பகலில் காயவைத்து, ராத்திரி திரும்பப் பானையில் போட்டு, மறுநாள் அதிலிருந்து விட்ட தண்ணீரோடு பிசைந்து மறுபடி உருட்டி, கடைசியில் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைப்பார்கள். அந்த இரண்டாம் நாள் வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டும் பார்ப்பார்கள். நம் வடகம் புதுச்சேரி வழியாக பிரான்சுக்குப் போய், அங்கே 'வாதுவான்' என்ற பெயரில் மசாலாப் பொடியாக விலை போகிறது. போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த இரண்டாம் நாள் உருண்டையை வதக்கி சோற்றில் பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பொடியைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்புதான் வரும்.

எங்கேயோ போய்விட்டேன். மேடவாக்கம் சகோதரிக்கு இன்னொரு வழி சொல்ல வேண்டும். உண்மையில் அவருக்கு இதுதான் மிகவும் பொருந்தும். இலை வடாம். இதற்கு வெயிலே பெரிதாக வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து, வெண்ணெய் போல் அரைத்து, ராத்திரி புளிக்க விட்டு, காலையில் தோசை மாவைவிடத் தளர்வாகக் கரைத்து, பச்சை மிளகாய் விழுதும் எள்ளோ சீரகமோ பெருங்காயமோ சேர்த்துக்கொள்ளுங்கள். இலையிலோ, அதற்கென்று விற்கிற சின்னத் தட்டிலோ துளி எண்ணெய் தடவி, ஒரு ஸ்பூன் மாவை வட்டமாக மெல்லிசாகத் தேய்த்து, இட்லிப் பானை ஆவியில் இரண்டு மூன்று நிமிஷம். ஓரத்தை விரலால் தூக்கினால் கண்ணாடி மாதிரி உரிந்து வரும். அதைத் துணியில் போட்டு நிழலில்தான் உலர்த்த வேண்டும். நேரே வெயிலில் போட்டால் சுருண்டு விரிசல் விடும். வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் சுக்காக உலர்ந்தபின், கடைசியில் உங்கள் பால்கனி வெயில் ஒரு வேளை காட்டினால் போதும். ஆக, மொட்டை மாடிச் சாவி அவர்களிடமே இருக்கட்டும்.

இதிலும் எச்சரிக்கை ஒன்று உண்டு. தட்டிலிருந்து உரிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் உலர்த்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சூடாக, நல்லெண்ணெய் தொட்டு, உரிக்க உரிக்கத் தின்றுவிடுவார்கள். மிஞ்சாவிட்டால் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். அன்றைக்கு அதுதான் டிபன்.

சரி, லாபம். நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், வெறும் காசுக் கணக்கில் ஜவ்வரிசி வடகம், இலை வடாம் இரண்டிலும் பெரிய மிச்சம் கிடையாது. எரிவாயு, பொரிக்கிற எண்ணெய், உங்கள் நேரம், எல்லாம் கணக்கில் வரும். மீந்த சோற்று வடகத்தில் உண்டு, ஏனென்றால் குப்பைக்குப் போக வேண்டியது வருஷம் முழுக்கத் தொட்டுக்கொள்ள ஆகிறது. ஆனால் தினமும் சோறு மீந்துபோகிறது என்கிறாரே, அதற்கு முதல் வைத்தியம் அரிசியை அரை ஆழாக்கு குறைத்துப் போடுவது. வடகத்துக்காகச் சோற்றை மீதம் விடாதீர்கள்.

அப்புறம், பலர் கேட்கிறார்கள், வீட்டில் போட்ட வடகம் ஏன் பொரிவதில்லை, கல் மாதிரி இருக்கிறது என்று. பொரிவது என்றால் என்ன? காய்ந்த வடகத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் ஈரம் இருக்கும். நல்ல சூடான எண்ணெயில் விழுந்ததும் அது ஆவியாகி, இளகுகிற மாவுச்சத்தை உள்ளேயிருந்து தள்ளிப் பெரிதாக்கும். எண்ணெய் சூடு போதாவிட்டால் ஆவி மெதுவாகக் கசிந்து போய்விடும், வடகம் எண்ணெய் குடித்துக்கொண்டு படுத்துவிடும். உள்ளே ஈரம் அதிகமாக இருந்தாலும் நடுவில் வெள்ளையாகப் பொரியாமல் பல்லில் கடுக்கென்று மாட்டும். அதனால் டப்பாவில் போடும் முன் ஒன்றே ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். நடு வெள்ளை தெரிந்தால் இன்னும் ஒரு நாள் வெயில். மழைக்காலத்தில் நமுத்துப்போனாலும் பயப்பட வேண்டாம், மறுபடி ஒரு வெயில் காட்டினால் சரியாகிவிடும்.

என்னைக் கேட்டால், அந்தச் சகோதரி 'லாபமா' என்று கேட்டதற்குப் பதில் 'கூழ் எத்தனை பேருக்குக் காணும்' என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆழாக்கு அரிசி மாவுக்கு நாலு ஆழாக்கு தண்ணீர், கைப்பிடி ஊறவைத்த ஜவ்வரிசி. நாலு பேருக்குக் காணும். ஜவ்வரிசி நம் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பது, அங்கே அதற்கென்று 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே நடக்கிறது. வாங்கும்போது பளீரென்று கண்ணைப் பறிக்கிற வெள்ளையைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பதையே எடுங்கள். சாப்பிட்டது போக மிஞ்சுகிற கூழைத் துணியில் ஊற்றுங்கள். மிஞ்சவில்லை என்றால் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடவே ஒரு ஆழாக்கு போடுங்கள்.

அடுத்து பெருங்காயம் பற்றிக் கோவில்பட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், கட்டியா தூளா என்று. அது கொஞ்சம் நீளமான சமாசாரம், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.