ஒரு வெள்ளிக்குக் கை மாறிய பட்டறை

வணக்கம் மக்களே! காற்று பலமாக அடிக்கிறது, குரல் கேட்கிறது அல்லவா? சிங்கப்பூரின் வடக்கே, செம்பவாங் பூங்காவின் கடலோரத்தில் நிற்கிறேன். எதிர்க்கரை மலேசியாவின் ஜொகூர். இந்தப் பக்கம்தான் தாத்தா ஃபிட்டராக இருந்த நேவல் பேஸ், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளம்.

1968 ஜனவரியில், 1971க்குள் இங்கிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டன் அறிவித்தது. அப்போது சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. அன்றைக்கு வீட்டில் சோறு வடித்தும் யாரும் சாப்பிடவில்லையாம். அதே ஆண்டில் நேவல் பேஸின் கப்பல் பட்டறை பெயருக்கு ஒரே ஒரு வெள்ளி விலையில் நம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. போர்க்கப்பலைப் பழுது பார்த்தவர்கள் சரக்குக் கப்பலைப் பழுது பார்க்கத் தொடங்கினார்கள்.

இங்குள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை 1938ல் திறந்தது. கப்பல் நுழைந்ததும் வாயிலை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய கப்பல் மெல்லக் கட்டைகளின் மேல் உட்காரும். அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, துரு தின்ற தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைப் பற்றவைப்பார்கள். கப்பல் சும்மா கிடக்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நட்டம். சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தால்தான் அடுத்த முறையும் இங்கே வருவார். மண்ணில் தோண்டி எடுக்க ஒன்றும் இல்லாத நாட்டுக்கு அந்த வாக்கு சுத்தம்தான் முதலீடு என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், உதிரிபாகம் தேய்ந்தால் அளவெடுத்துக் கடைந்து தர லேத் பட்டறைகள் வேண்டுமே. அந்தக் கைத்தொழில் இங்கே வேர் பிடித்தது. என் மாமாவின் பட்டறையில் இப்போது சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்குப் பாகம் செய்கிறார்கள். தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகம் கழிவுதான். மாமா கனம் அளக்கும் மைக்ரோமீட்டரைத் திருகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், பார்த்திருக்கிறேன். சிலேத்தாரில் ரோல்ஸ் ராய்ஸ், விமான எஞ்சினின் விசிறிக்கு, உள்ளீடு இல்லாத டைட்டானிய இதழ்கள் செய்கிறது. இன்றும் நம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உற்பத்தித் துறையிலிருந்துதான் வருகிறது.

ஆனால் பிள்ளை வங்கியில் சேர்ந்தால் இனிப்பு கொடுக்கிறோம், லேத் என்றால் முகம் சுளிக்கிறோம். எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பார்க்கும் நம் ஊர்த் தம்பிகளில் எத்தனையோ பேர் வெல்டர்கள். அவர்கள் கை வேலை இந்த நாட்டின் சோற்றில் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் யாராவது நேவல் பேஸில் வேலை பார்த்திருந்தால், எந்தப் பிரிவு என்று கீழே எழுதுங்கள். தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.