மொம்பாசாவில் யார் எந்த இனம்?

அவையோருக்கு வணக்கம். ஆப்பிரிக்கா என்றதும், ஆதி முதல் தனித்தனிக் கூட்டமாக வாழ்ந்துவரும் பழங்குடிகள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். கென்யாவின் கடற்கரையைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது.

அங்குள்ள துறைமுக நகரான மொம்பாசாவை ஒட்டிய மேட்டு நிலங்களில் கிரியாமா, டிகோ, துருமா, ரபாய் முதலிய ஒன்பது குழுவினர் வாழ்கிறார்கள். இவர்களுடைய மூதாதையர் 'காயா' என்ற காட்டுக்கோட்டைகளில் குடியிருந்தார்கள். அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. ஊர்க்காவலுக்கென்று அங்கே மந்திரப்பொருளைப் புதைத்திருப்பார்கள். குடிகள் வெளியேறிய பிறகும் மூப்பர்கள் அந்த மரங்களை வெட்ட விடவில்லை. அதனால்தான் 2008-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்க அங்கே காடு மிஞ்சியிருந்தது.

கோட்டைகள் பழையவை; ஒன்பது குழுவினரும் ஓரினம் என்ற எண்ணமோ புதியது. கடற்கரை நகரத்தார் இவர்களை 'ன்யிகா', அதாவது புதர்க்காட்டார், என்று இளக்காரமாக அழைத்தார்கள். வெள்ளையரும் அதையே எழுதி வைத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கிரியாமா இளைஞன் மொம்பாசாவுக்குப் போய், ஒரு பெரிய வீட்டாரை அண்டி, இஸ்லாத்தைத் தழுவினால், ஓரிரு தலைமுறையில் அவன் குடும்பமே சுவாஹிலி, அதாவது சுவாஹிலி மொழி பேசும் கடற்கரை நகரத்து முஸ்லிம் குடும்பம், ஆகிவிடும். இதைச் சமத்துவம் என்று மெச்சிவிடாதீர்கள். பஞ்சத்தில் பெற்ற பிள்ளையை நகரத்தாரிடம் அடகு வைத்தவர்களும் உண்டு. மீட்க முடியாமல் போன பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் வாசல் திறந்திருந்தது.

1895-ல் வந்த பிரிட்டிஷ் ஆட்சிக்கு இந்தக் கலப்பு பிடிக்கவில்லை. வரி வாங்கவும் கூலிக்கு ஆள் பிடிக்கவும், யார் பூர்வகுடி, யார் அல்லர் என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அரபுகளுக்குத் தனிச் சலுகை கிடைத்ததும், சுவாஹிலிக் குடும்பங்கள் தங்களையும் அந்த வரிசையில் சேர்க்கச் சொல்லி மனு மேல் மனு போட்டன. நேற்றுவரை சுவாஹிலி, இன்று அரபு! சிரிக்கத் தோன்றும், வரிச்சீட்டு கையில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சுவாஹிலியாகி இனிப் பயனில்லை என்றானபின், நகரத்து வேலைக்கு உள்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தபின், 'ன்யிகா' என்று இகழப்பட்டவர்கள் ஒன்று திரண்டார்கள். 'ஒன்பது ஊரார்' என்னும் பொருளில் 'மிஜிகெண்டா' என்ற பெயர் 1940-களில்தான் வேரூன்றியது. பாட்டன்மாருக்குத் தெரியாத அந்தப் பெயரில்தான் பேரர்கள் இன்று ஓட்டுக் கேட்கிறார்கள்.

பதிவேட்டின் வேலை இன்னும் தீரவில்லை. மொசாம்பிக்கிலிருந்து நார்க்கத்தாழை (சைசல்) தோட்டக் கூலிகளாக வந்த மக்கொண்டே இனத்தார், பல தலைமுறை கென்யக் கடற்கரையின் குவாலே பகுதியில் வாழ்ந்தும் அடையாள அட்டை இல்லாமல் இருந்தார்கள். 2016-ல் தலைநகர் நைரோபிக்கு நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். அதன் பிறகே அரசு அவர்களைக் கென்யாவின் 43-வது இனம் என்று ஏற்றுக்கொண்டது.