யோகி கரடி கழுத்தில் ஏன் டை?

[திரையில்: யோகி கரடி நின்ற இடத்திலேயே வாயாடுகிறது]

அமெரிக்க டிவி கார்ட்டூனில் வரும் இந்தக் கரடியைப் பாருங்கள். சட்டையும் கிடையாது, கால்சட்டையும் கிடையாது. கழுத்தில் மட்டும் வெள்ளைக் காலர், பச்சை டை! சுற்றுலா வந்தவர்களின் சாப்பாட்டுக் கூடையைத் திருடித் தின்கிற கரடிக்கு டை எதற்கு?

காரணம் காசுதான்.

1940 முதல் ஹாலிவுட் சினிமா கம்பெனியான எம்ஜிஎம் நிறுவனத்தில் டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். 7 ஆஸ்கார் வாங்கிய தொடர் அது. அப்படியிருந்தும் 1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவையே இழுத்து மூடிவிட்டது. இருவரும் ஹன்னா-பார்பெரா என்று சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கி, யோகி போன்ற கார்ட்டூன்களோடு டிவி பக்கம் போனார்கள். அங்கே கிடைத்த பணமோ சினிமா கார்ட்டூனுக்குக் கிடைத்ததில் ஒரு துளி.

[திரையில்: ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி ஊடுருவும் தாள்கள்]

சினிமாவுக்கு வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து ஓட்டினாலும், 7 நிமிடத்துக்கு 5,000 படம் வரைய வேண்டும். டிவி கொடுத்த காசில் இது நடக்கிற காரியமா? அதனால் யோகியின் உடம்பை ஒரு தாளில் வரைந்து அப்படியே விட்டுவிட்டார்கள். தலையும் வாயும் வேறு தாளில். அதை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் போதும். தலையும் உடம்பும் சேருகிற கோடு தெரியக் கூடாதே, அதற்குத்தான் காலர். 1960இல் வந்த அவர்களின் கற்காலக் குடும்பக் கார்ட்டூன் ஃப்ளின்ட்ஸ்டோன்ஸையும் கவனியுங்கள். குடும்பத் தலைவன் ஃப்ரெட் வீட்டுக்குள் ஓடும்போது அதே ஜன்னல், அதே விளக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை நீள வீடப்பா அது!

அசைவு குறைந்தது, பேச்சு கூடியது. யோகி கரடி, ஹக்கிள்பெரி நாய் இரண்டுக்கும் குரல் கொடுத்த டாஸ் பட்லர்தான் பாதி நடிப்பையும் பார்த்துக்கொண்டார். பக்ஸ் பன்னி படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ், இந்த வகைக் கார்ட்டூனைப் படம் போட்ட ரேடியோ என்று கிண்டலடித்தார்.

சரி, ரேடியோ என்றதும் நம் தென்னாப்பிரிக்கா ஞாபகம் வருகிறது. உலகமே டிவி பார்த்த காலத்தில் இங்கே அரசாங்கம் அதை உள்ளே விடவில்லை. அமைச்சர் ஆல்பர்ட் ஹெர்ட்சாக் விடாப்பிடியாக எதிர்த்தார். டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் பயாஸ்கோப், வீட்டில் ரேடியோ, அவ்வளவுதான். நாடு முழுக்க டிவி தொடங்கியது 1976 ஜனவரி 5ஆம் தேதி. ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் அமெரிக்காவில் ஓடி முடிந்தே கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆகியிருந்தது.

வந்ததும் ஒரே ஒரு சேனல். பாதி ஆங்கிலம், பாதி ஆப்பிரிக்கான்ஸ், தமிழுக்கு இடமில்லை. ஜப்பானில் 1974இல் எடுத்த ஹைடி கார்ட்டூன் இங்கே வந்தபோது, அந்த சுவிஸ் மலைப் பெண் ஆப்பிரிக்கான்ஸில் பேசினாள்! டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தின் பிள்ளைகள் எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஆயாவின் பாடுதான் திண்டாட்டம். "என்னடா சொல்லுது அது?" என்று கேட்டால் பேரன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். டாம் வாலில் இரும்புப் பெட்டி விழுந்தால் யாரும் விளக்க வேண்டாம், ஆயாவும் சேர்ந்து சிரிக்கலாம். டிவி கார்ட்டூன் சிக்கனத்துக்காகக் கைவிட்டது இதைத்தான் என்பது என் கருத்து.

[திரையில்: வாளை உயர்த்தும் ஹீ-மேன்]

1969இல் ஹன்னா-பார்பெராவின் ஸ்கூபி-டூ வந்தது. அப்புறம் ஃபில்மேஷன் என்ற ஸ்டூடியோ ஹன்னா-பார்பெராவையே சிக்கனத்தில் மிஞ்சியது. 1983இல் வந்த அதன் ஹீ-மேன் தொடரில் நாயகன் வாளை உயர்த்துகிற காட்சியை ஒருமுறை வரைந்து எபிசோடுக்கு எபிசோடு ஒட்டினார்கள். அதனால்தான் ஒரே சீசனில் 65 எபிசோடு முடிந்தது. ஹீ-மேன் பொம்மை அதற்கு முந்தைய வருஷமே கடைக்கு வந்துவிட்டது என்பது தனிக்கதை.

ஹன்னா-பார்பெராவை 1991இல் அமெரிக்க டிவி முதலாளி டெட் டர்னரின் நிறுவனம் வாங்கியது. மறு வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி கார்ட்டூன் நெட்வொர்க் தொடங்கியது. 24 மணி நேரமும் ஓட்டச் சரக்கு வேண்டுமே? 35 வருஷமாகக் கழுத்துக்குக் கழுத்து காலர் மாட்டி மிச்சம் பிடித்துச் சேர்த்ததுதான் அந்தச் சேனலை ஓட்டியது.