புல்லுக்குக் கீழே ஒன்றரை அடி மண்: பெங்களூரில் லேண்ட்ஸ்கேப் யார் வேலை?

(காட்சி: புல்வெளியில் கடப்பாரை இறங்குகிறது)

வணக்கம். இது பெங்களூரின் கிழக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வளாகம். கடப்பாரை போடுகிற அண்ணன் தர்மபுரிக்காரர், இருபது வருடமாக இந்த ஊரில் தோட்ட வேலை. ஒன்றரை அடி இறங்கியதும் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல போகாதுங்க மேடம், கீழ காங்கிரீட்டு."

கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே மெக்சிகன் புல். அதற்கடியில் தேங்காய் நார்த்தூள் கலந்த செம்மண், அப்புறம் ஒரு வெள்ளைத் துணி, அதற்கும் கீழே முட்டை அட்டை மாதிரி கறுப்பு பிளாஸ்டிக், தண்ணீர் வடிவதற்கு. பிறகு கசிவு தடுக்கும் பூச்சு, ஸ்லாப், அதன் கீழே கார்கள். மனையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பேஸ்மென்ட் தோண்டியாகிவிட்டது, விளம்பரத்தில் இதற்குப் பெயர் திறந்தவெளி. இங்கே ஒரு ஆலமரம் வைக்க முடியுமா? வேர் எங்கே போகும்?

நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். கட்டடம், பேஸ்மென்ட், தீயணைப்பு வண்டி சுற்றிவரும் பாதை எல்லாம் முடிவான பிறகு, மிச்சமிருக்கும் இடத்தைப் பச்சையாக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். கையில் சிங்கப்பூர் படம் ஒன்று இருக்கும். "மூணு மாசத்துல இப்படி வந்துடுமா?" என்பதுதான் முதல் கேள்வி. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வெளிநாட்டுச் செடிதான் பிரச்சினை என்று சொல்ல வரவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1760-இல் இந்த ஊரின் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியவர் ஹைதர் அலி. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தோட்டக்காரர்கள் திகளர்கள், தமிழ் வேர் உள்ளவர்கள், இன்றும் அவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ் கலந்த பேச்சு. 1908-இல் இங்கே வந்த தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல் ஜெர்மானியர், லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்தது பூக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெருக்களுக்கு மரம் தேர்ந்தெடுத்தார். ஜக்கரண்டா தென் அமெரிக்கா, குல்மோஹர் மடகாஸ்கர். ஆனால் அவையெல்லாம் நிஜ மண்ணில் நின்று, இந்த ஊரின் மழையைக் குடித்து வளர்ந்த மரங்கள். இன்று நாங்கள் லாரியில் இறக்கும் ஃபாக்ஸ்டெயில் பனை தொட்டி மண்ணில் நின்று டேங்கர் தண்ணீர் குடிக்கிறது. எனக்கு உறுத்துவது இந்த வித்தியாசம்தான்.

(காட்சி: மெஜஸ்டிக் பேருந்து நிலையம், மேலிருந்து)

இது முன்னால் ஏரி. பெயர் தர்மாம்புதி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி, அதில் மிஞ்சியிருப்பது ஒரு சின்னக் குளம், கரகத் திருவிழாவுக்காக. கரகம் எடுப்பவர்களும் அதே திகளர்கள்தான். கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில், ஆறு இல்லாத மேட்டு நிலத்தில் இந்த ஊர் பிழைத்ததே ஏரியால்தான். ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பி வழிந்தால் நம் வேலூர்ப் பக்கம் 'ஏரி கோடி போயிடுச்சு' என்பார்கள் இல்லையா, கன்னடத்திலும் அது கோடிதான். மதகுக்கு அவர்கள் சொல்வது தூபு, நம் பழைய கல்வெட்டுகளில் தூம்பு. ஊர்ப் பொதுவில் மா, நாவல், புளி, பலா வைத்த குண்டுதோப்பு, அரசும் வேம்பும் சேர்த்து நட்டு நாகர்கல் வைத்த மேடை. ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் யாருக்கும் இல்லாத காலத்தில் நடந்த லேண்ட்ஸ்கேப் வேலை இது, என்னைக் கேட்டால் இன்றைக்கும் இதுவே எங்கள் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

படிப்பாக இது வந்தது பின்னால். டெல்லியின் கட்டடக்கலைக் கல்லூரியான எஸ்பிஏ-வில் முதுகலைப் படிப்பு 1972-இல், எங்கள் தொழில்காரர்களின் சங்கம் இசோலா 2003-இல். இடையில் ஐடி பூங்காக்கள் வந்தன, அவற்றோடு வெளிநாட்டு நிறுவனங்களும் வந்தன. 2022 நவம்பரில் திறந்த விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கு லேண்ட்ஸ்கேப் செய்தது பிரிட்டனின் கிராண்ட் அசோசியேட்ஸ், சிங்கப்பூர் கார்டன்ஸ் பை த பே-யும் அவர்கள் கை. மூங்கிலும் தொங்கும் செடிகளுமாக அது உண்மையிலேயே அழகு. ஆனால் அங்கே தோட்டம் முதல் நாளிலிருந்தே கட்டடத்தின் கருவில் இருந்தது. நம் வாடிக்கையாளர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், அந்த வரிசையை விட்டுவிடுகிறார்கள்.

சரி, தண்ணீர்க் கணக்கு. கோடையில் புல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் என்று வைப்போம். 1000 சதுர மீட்டருக்கு 5000 லிட்டர், அதாவது தினமும் கிட்டத்தட்ட ஒரு சின்ன டேங்கர். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 2022 செப்டம்பரில், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் வெள்ளம் சூழ்ந்த வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரே ஊர்தான்! காலுவேயை அடைத்துக் கட்டிவிட்டு, நிலத்தை ஸ்லாப் போட்டு மூடிவிட்டால், மழைக்கு வெள்ளம், கோடைக்கு டேங்கர் என்றுதான் ஆகும்.

மாற்று வழி ஒன்றும் கனவு இல்லை. ஜக்கூர் ஏரிக்குப் போங்கள், சுத்திகரித்த கழிவுநீர் முதலில் கோரை வளர்ந்த ஈரநிலத்துக்குள் நுழைந்து, மெதுவாகத் தெளிந்து, பிறகுதான் ஏரியில் சேர்கிறது. பன்னேர்கட்டா சாலையில் கட்டடக் கலைஞர் தோஷி வடிவமைத்த ஐஐஎம் வளாகத்தில் நடந்து பாருங்கள். கருங்கல் சுவர், மேலே கொடி படர்ந்த பந்தல், கட்டடம் எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

(காட்சி: மறுபடி அதே வளாகம், பின்பக்கச் சுவர் ஓரம்)

இங்கே இரண்டாம் கட்டத்துக்கு பேஸ்மென்ட் வரைபடம் போடும் முன்பே என்னைக் கூப்பிடச் சொல்லிச் சண்டை போட்டேன். நாலு மீட்டர் கிடைத்தது, பார்க்கிங்கில் ஒன்பது இடம் குறைந்தது. அந்த நாலு மீட்டருக்குக் கீழே ஸ்லாப் கிடையாது, மண் மட்டும்தான். மூன்று புங்கன் வைத்திருக்கிறோம், இப்போது இடுப்பு உயரம். போன ஐப்பசியில் இரண்டு மணி நேரம் விடாமல் அடித்தது, மழை விட்ட கையோடு அண்ணன் போன் செய்தார். "மேடம், புல்லு மேல எல்லாம் தண்ணி நிக்குது. நம்ம துண்டுல ஒரு சொட்டு நிக்கல."