பேசாதவர் பக்கம் நின்று பேசுகிறேன்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விடுமுறையிலும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காட்பாடி வரை வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"ஊருக்கும் உறவுக்கும் உற்ற துணை கலகலப்பானவரா, அமைதியானவரா?" என்னும் தலைப்பில், அமைதியானவரே என்று வாதாட வந்திருக்கிறேன். என்னை மேடைக்கு அழைத்தபோதே நடுவர் ஐயா, "அமைதிக்காக வாதாட ஒலிபெருக்கி எதற்கு?" என்று கேட்டுச் சிரித்தார். நியாயமான கேள்விதான். இந்தப் பத்து நிமிடப் பேச்சுக்காகப் பத்து நாட்கள் மாலையில் தனியே அமர்ந்து தயாரானேன். பேசி முடித்ததும் தேநீருக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடக்கப்போகிறேன். அமைதியானவருக்குப் பேசத் தெரியாது என்பதில்லை. பேச்சுக்கு முன்பும் பின்பும் அவருக்குத் தனிமை வேண்டும், அவ்வளவுதான்.

எதிரணித் தலைவர், வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்றார்; கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நாலு பேரிடம் முகம் கொடுத்துப் பேசாதவனால் உறவு எப்படித் தழைக்கும் என்றார்; போதாக்குறைக்கு வள்ளுவரையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்கத் தெரியாதவர் கொத்தாகப் பூத்தும் மணக்காத மலரைப் போன்றவர் என்னும் 650ஆவது குறளை அவர் சொன்னபோது இந்தப் பந்தலே கைதட்டியது. நானும் கைதட்டினேன். ஆனால் அதற்கு நேர் மேலே இருக்கும் 649ஆவது குறளை அவர் ஏன் தாண்டிப்போனார்? குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார் என்கிறது அது. வட ஆர்க்காட்டில் பிறந்த மு.வ. எழுதிய குறளுரை இங்கே பாதி வீடுகளின் அலமாரியில் இருக்கும். வீட்டுக்குப் போய் இரண்டு குறளையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கற்றதைச் சொல்லத் தெரிய வேண்டும் என்றுதான் வள்ளுவர் கேட்கிறார். சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நிறைகுடம் தளும்பாது" என்ற பழமொழியை நான் துணைக்கு அழைக்கப்போவதில்லை, ஏனென்றால் வெறுங்குடமும் தளும்புவதில்லை. பேசாமல் இருப்பதாலேயே ஒருவர் அறிவாளி ஆகிவிடமாட்டார். என் கட்சி அதுவன்று.

அப்படியானால் அமைதியானவர் என்பவர் யார்? 1921ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங், மனிதர்களின் மனநாட்டம் பாயும் திசையைக் கொண்டு அகமுகி, புறமுகி என்று இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். வெளியே நடப்பவற்றில் மனம் ஊன்றியவர் புறமுகி. அவற்றை உள்ளே கொண்டுபோய் அசைபோடுவதில் மனம் ஊன்றியவர் அகமுகி. பின்னர் வந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், இதற்கு மூளையின் விழிப்பு நிலையே காரணம், அகமுகியின் மூளை இயல்பிலேயே கூடுதல் விழிப்பில் இருக்கிறது என்றார். நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஊறும் எச்சிலை அளந்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. சராசரியில் அகமுகிகளுக்கு எச்சில் அதிகமாக ஊறியது. அதாவது, வெளியிலிருந்து வருவது ஒன்றேதான் என்றாலும் உள்ளே பதியும் அளவு ஆளுக்கு ஆள் வேறு. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் ஏற்கெனவே வெந்துகொண்டிருப்பவரை அடுப்படிக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இருநூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் மண்டபத்தில் அகமுகிக்கு ஆவது அதுதான். அவர் ஓரமாக ஒதுங்குவது திமிரால் அன்று. புழுக்கம் தாளாமல் திண்ணைக்கு வருவதைப் போன்றது.

நம் ஊரோ அவருக்கு அழுத்தக்காரன், உம்மணாமூஞ்சி என்று பெயர் சூட்டுகிறது, "ஊமை ஊரைக் கெடுக்கும்" என்றுகூடச் சொல்லிவிடுகிறது. கூச்சம் வேறு, அமைதி வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. கூச்சப்படுபவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். அமைதியானவருக்குப் பல நேரம் பயமே இருக்காது, தேவைதான் தோன்றாது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு; நான் அந்த வகை. தொலைபேசியில் ஒருவரை அழைக்கும் முன் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்ப்பேன். எதிர்முனையில் எடுக்காவிட்டால் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. அலுவலகக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதில், பாகாயம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பயணச்சீட்டும் வாங்கிய பிறகுதான் தோன்றும். அன்றிரவு படுத்த பின், பகலில் பேசியதெல்லாம் வரி வரியாக மறுபடி ஓடும், "அந்த ஒரு வார்த்தை அவர் மனத்தைப் புண்படுத்தியிருக்குமோ?" என்ற கேள்வியில் போய் நிற்கும். நடுவர் அவர்களே, பேசிய சொல்லுக்காக இரவில் விழித்திருப்பவரால் உறவு முறியுமா, பேசியதையே காலையில் மறந்துவிடுபவரால் முறியுமா?

கல்யாண வீட்டுக்கு வருகிறேன். குடியாத்தத்தில் எங்கள் உறவினர் திருமணம். வரவேற்பில் பன்னீர் தெளித்து, "எப்போ வந்தீங்க? பிள்ளைங்க எங்கே?" என்று ஒவ்வொருவரையும் வரவேற்றவர்கள் கலகலப்பானவர்கள். மண்டபம் களைகட்டியது அவர்களால்தான், மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்து அமைதியானவர்கள் அத்தனை பேரையும் எங்கே பார்க்கலாம் தெரியுமா? பந்தியில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் சாம்பார் வாளியும் மறு கையில் கரண்டியுமாக நிற்பார்கள். வாளி கையில் இருந்தால் யாரும் நின்று ஊர்க்கதை கேட்க மாட்டார்கள் என்ற தந்திரமும் அதில் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்குப் பல் இல்லை, அப்பளத்தை ரசத்தில் நனைத்துத் தர வேண்டும் என்பதைக் கண்டுகொள்பவர் அந்த வாளிக்காரர்தான். தம் வாய் ஓய்ந்திருப்பதால் அவர் கண் வேலை செய்கிறது.

சாவு வீட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தந்தையை இழந்து உட்கார்ந்திருக்கும் மகனிடம் உள்ளே வருகிற ஒவ்வொருவரும், "எப்படி ஆச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு?" என்று கேட்கிறார்கள். அன்பால்தான் கேட்கிறார்கள். ஆனால் அவன் அந்த மரணத்தை முதலிலிருந்து நாற்பது முறை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி நேர்ந்த நாளில், என் நண்பர் ஒருவர் வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளையை என் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தார். சாயங்காலம் வரை இருந்துவிட்டு எழுந்து போனார். அன்று வந்தவர்கள் பேசியது எதுவும் எனக்கு நினைவில்லை. அந்தக் குவளை நினைவிருக்கிறது.

தனிமை ஊருக்கு என்ன தரும் என்று கேட்டார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். 1989 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு இருந்த திருவண்ணாமலைக்கு, 1896இல் பதினாறு வயதுச் சிறுவராக வந்தவர் ரமணர். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அரசு அலுவலர் அவரிடம் கேள்விகள் கேட்டபோது, வாய் திறந்து பேசாதிருந்த ரமணர் மணலிலும் பலகையிலும் எழுதியே விடை சொன்னார். அந்த விடைகளைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் மனிதர்கள் அந்த மலைக்கு இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆலங்காயத்தை அடுத்து ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதைப் பதிவு செய்த இடங்களில் அதுவும் ஒன்று. அதை ஏன் வேலூர்க் கோட்டைக்கு எதிரே கட்டவில்லை? ஊர் வெளிச்சம் விழுந்தால் விண்மீன் தெரியாது. அந்த இருட்டைப் போக்க அங்கே யாரும் குழல்விளக்கு மாட்டுவதில்லை. நாமோ கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பிள்ளையின் அறைக்குள் நுழைந்து, "வந்தவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசேன்" என்கிறோம்.

குறையே இல்லையா என்றால், உண்டு. தன் வலியைச் சொல்லாமல் மறைத்து நோயை முற்றவிடுபவர் பெரும்பாலும் எங்கள் கட்சிக்காரர்தான். மனத்தில் இருப்பதை வீட்டார் தாமாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அந்த அளவுக்கு எதிரணித் தலைவர் சொன்னது சரி.

கடைசியாக என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டப்பாளையத்தில், மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுபவர் அவர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள் வாரக்கணக்கில் அங்கே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு, நோயாளியைப் பார்த்துக்கொள்வார்கள். சித்திக்கு வங்காளம் தெரியாது. தமிழிலேயே நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். ஒருமுறை, கணவரை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வந்த வங்காளத்துப் பெண் ஒருவர் இரவெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சித்தி படியில் இரண்டு படி கீழே போய் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து மொச்சைக் கொட்டையை உரிக்கத் தொடங்கினார். சிறிது நேரம் கழித்து அந்தப் பெண்ணும் கை நீட்டி ஒரு பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தார். விடியும் வரை இருவரும் உரித்தார்கள். இது நடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. அவர் வங்காளத்தில் ஏதோ சொல்கிறார், சித்தி "ம், ம்" என்கிறார், வைத்துவிடுகிறார்கள்.

சித்தி இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். எந்த வரிசையில் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவார். தீர்ப்பை எங்கள் பக்கம் வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.