குலைநோய்ப் பூஞ்சையும் கோலியாத் சிலந்தியும்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட ஜோடியைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒன்று, நெற்பயிரில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சை. இன்னொன்று, தென் அமெரிக்காவின் வட பகுதி மழைக்காடுகளில் வளைக்குள் வாழும் கோலியாத் டரான்டுலா. எடையில் உலகிலேயே பெரிய சிலந்தி இதுதான், 170 கிராம் வரைகூட வளரும். பறவை தின்னி என்று பட்டப்பெயர் வேறு, ஆனால் பெரும்பாலும் தின்பது மண்புழுவும் பூச்சியும் தவளையும்தான், சும்மா பேர் கெட்டுப்போச்சு.

சரி, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அழுத்தம். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டத் தசையே கிடையாது. இரத்தம் போன்ற உடல் திரவத்தை அழுத்திக் காலுக்குள் தள்ளித்தான் நீட்டுகிறது, ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீளுகிறதே, அது மாதிரி. செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கமாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், அழுத்தம் போனதன் அடையாளம் அது.

பூஞ்சை செய்வதும் இதே வித்தைதான், ஆனால் கொஞ்சம் வெறித்தனமாக. பனியில் நனைந்த இலையில் அதன் வித்து ஒட்டி முளைத்து, முளை நுனியில் குமிழ் போல ஒரு செல்லை உருவாக்குகிறது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் சுவரில் மெலனின் படலம், நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் மெலனினுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உள்ளே கிளிசரால் என்ற, தண்ணீரை இழுக்கும் பொருள் சேரும். அந்தப் படலம் தண்ணீரை உள்ளே விடும், கிளிசராலை வெளியே விடாது, அதனால் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை ஏறிவிடுகிறது. கார் டயரில் ஏறக்குறைய 2 மடங்குதான்! அந்த விசையில் குமிழின் அடியிலிருந்து ஊசி போன்ற முளை இலைத்தோலைக் குத்திக்கொண்டு இறங்குகிறது.

அப்புறம், சிலந்தியின் ஓட்டிலும் பூஞ்சையின் செல் சுவரிலும் இருப்பது ஒரே கைட்டின், இரண்டுக்கும் உறுதி தரும் பொருள். இரண்டும் நொதிகளை வெளியே விட்டு, உடலுக்கு வெளியிலேயே இரையைக் கரைத்துத்தான் உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

குலைநோய்க்குத் தெளிக்கும் ட்ரைசைக்ளசோல் செய்யும் வேலையும் சுவாரசியமானது. அது மெலனின் தயாரிப்பைத் தடுக்கிறது. குமிழ் உருவாகும், ஆனால் அழுத்தம் தாங்காது, இலைமேலேயே உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையை அது அவ்வளவாகத் தொடாது, அதனால்தான் நோய் முற்றுமுன் தெளிக்கச் சொல்கிறார்கள். டரான்டுலா உயரத்திலிருந்து விழுந்து வயிறு கிழிந்தாலும் இதே கதைதான், திரவம் ஒழுக ஒழுகக் காலை நீட்ட வழியில்லாமல் போய்விடுகிறது.